முத்திரையும் சாசனமும்

சைவத்தின் தொன்மையைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் மொகஞ்சதரோவிற் கிடைத்த முத்திரையொன்றை முதற்கண் எடுத்துக் காட்டுதல் நெடுநாள் வழக்காயிற்று. "அம்முத்திரையில் வீற்றிருப்பவர் பசுபதியாகிய சிவபெருமானே, ஆதலின் சைவம் ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடையது" என்பது அன்னோர் கூற்று. முப்பதாண்டிற்கு மேலாக மேடைகளில் அங்ஙனம் கூறிவந்தோருள் யாமும் ஒருவேம். சின்னாட்களின் முன்னர், சிவஞான சித்தியார் அளவைப் பகுதியைப் பாடங் கேட்டுக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், "ஐயா, அவ்வுருவம் சிவபெருமானே என்பது காட்சியளவையாற் பெறப்பட்டதோ, கருதலளவையாற் பெறப்பட்டதோ, உரையளவையாற் பெறப்பட்டதோ?" என்று பணிவுடன் வினவினர். அவர்க்கு அப்பொழுதே விடை கூற எம்மால் இயலவில்லை. வினா மிக நேரியது. அளவை நூல் கற்பிப்போன் அதற்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவன். அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை. பண்டை இந்திய நாகரிகம் தோன்றிய வரலாற்றையும், அதன்பின் பேரரசுகள் எழுந்த வரலாற்றையும் சுருங்க நோக்கி, அவற்றுட் சைவத்திற்குச் சான்றாவன எவை, ஆகாதன எவை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1. சிந்துவெளி நாகரிகம்

அரப்பாவைத் தயாராம் சாஹனி 1921-ஆம் ஆண்டில் அகழத் தொடங்கினர். மொகஞ்சதரோவின் பழமையை அதனை அடுத்து ராக்கால்தாஸ் பானர்ஜி உணர்ந்தனர். இரண்டும் ஒரே நாகரிகத்தின் நகரங்கள் என்பதை 1924-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஸர் ஜான் மார்ஷல் உலகறிய வெளியிட்டனர். இவ்விரு நகரங்களும் இப்பொழுது பாகிஸ்தான் நாட்டில் உள்ளன. பின்னர்க் காளிபங்கன், லோதல், ராக்கிகடி, தோலாவீரா முதலிய இடங்கள் இந்திய நாட்டெல்லையுள் அறியப்பட்டன. இந்நாகரிகம் முதிர்ந்து விளங்கிய காலம் ஏறத்தாழக் கி. மு. 2600 முதல் 1900 வரை என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

இந்நகரங்களிற் காணப்படும் ஒழுங்கு வியக்கற்பாலது. செங்கற்கள் உயரம், அகலம், நீளம் என்னும் மூன்றும் 1 : 2 : 4 என்னும் அளவில் அமைந்தன. எடைக்கற்கள் கனசதுரமாகச் செதுக்கப்பட்டு, ஏறத்தாழ 13.7 கிராம் நிறையை அடியாகக் கொண்டு, நெடுந்தூரத்து ஊர்களிலும் ஒத்து நிற்கின்றன. வீடுகளிலிருந்து தெருச் சாக்கடைக்கு நீர் செல்லும் வழிகள் மூடியிட்டு அமைக்கப்பட்டன. மொகஞ்சதரோவின் பெருங்குளம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உடையது. நீர் கசியாவண்ணம் நிலக்கீல் பூசப்பெற்றது. கடல்வழி வாணிகமும் நிகழ்ந்தது. அக்கேத நாட்டு மன்னன் சார்கோன், மெலூகாவின் மரக்கலங்கள் தன் துறையில் வந்து நிற்பதாகத் தன் சாசனத்திற் பெருமை பேசினான். அம்மெலூகா சிந்துவெளி நாடே என்பர் அறிஞர் பலர்.

இத்துணைச் சிறப்பிற்கிடையே ஒன்றை மறத்தலாகாது. இதுகாறும் அங்கே ஐயமறத் திருக்கோயில் என்று துணியத்தக்க கட்டிடமும் கண்டறியப்படவில்லை. ஓர் அரசன் பெயரும் அறியப்படவில்லை. காரணம் அவ்வெழுத்து இன்னும் வாசிக்கப்படாமையே. ஐராவதம் மகாதேவன் 1977-ஆம் ஆண்டில் அவ்வெழுத்துப் பொறிப்புக்களைத் தொகுத்து நிரல்படுத்தி 417 குறியீடுகளைக் கணக்கிட்டனர். பொறிப்புக்கள் மிகக் குறுகியன. பெரும்பாலும் ஐந்தாறு குறிகளுக்கு மேற்படாதன. 2025-ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாட்டு அரசினர் அவ்வெழுத்தைத் தெளிய வாசிப்பார்க்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்தமையே, அஃது இன்னும் வாசிக்கப்படவில்லை என்பதற்குப் போதிய சான்றாம்.

2. முத்திரை காட்டுவதும் காட்டாததும்

எடுத்துக்கொண்ட முத்திரை 1928-29-ஆம் ஆண்டு அகழ்வில் எர்னெஸ்ட் மக்கே என்பாரின் பார்வையில் வெளிப்பட்டது. பக்கம் ஏறத்தாழ மூன்றரை செண்டிமீட்டரே உள்ள சிறு மாக்கல் அது. குறிய இருக்கையொன்றில், குதிகாலொடு குதிகால் சேரக் கால்களை மடித்து ஓருருவம் அமர்ந்துள்ளது. கைகளில் வளைகள் நிரம்ப உள்ளன. தலையில் இரு பெருங் கொம்புகளையுடைய அணி இருக்கின்றது. ஒருபுறம் யானையும் புலியும், மற்றொருபுறம் காண்டாமிருகமும் எருமையும் உள்ளன. இருக்கையின் கீழ் மான் போன்ற விலங்குகள் இரண்டு. மேலே எழுத்துக்கள் ஒருவரிசை. இவையே காட்சி. இதற்குமேல் "இவர் சிவபெருமான்" என்பது காட்சியன்று. கண்டவற்றை ஏதுவாகக் கொண்டு மார்ஷல் 1931-ஆம் ஆண்டு நூலிற் செய்த கருதலேயாம்.

அவர் காட்டிய ஏதுக்கள் பெரும்பாலும் நான்கனுள் அடங்கும்: உருவத்திற்கு மூன்று முகம் உண்மை, யோக இருக்கையில் அமர்ந்தமை, விலங்குகள் சூழ்ந்தமை, கொம்பணி சூலம்போற் காணப்படுதல். கருதலளவையில் ஏது குற்றமற்றதாதல் வேண்டும். அது பக்கத்தில் ஐயமின்றி உளதாதல் வேண்டும். ஒத்த பக்கத்திற் காணப்படல் வேண்டும். ஒவ்வாத பக்கத்திற் காணப்படாமை வேண்டும். மலையிற் புகை கண்டு நெருப்புண்மை துணிவோன், அடுக்களையிற் புகையும் நெருப்பும் ஒருங்குண்மையும், மடுவில் நெருப்பின்றிப் புகையும் இன்மையும் அறிந்தே துணிகின்றான். இவ்வளவுகோலால் அந்நான்கையும் அளந்து காண்பாம்.

முகம் மூன்று என்பது முதலேது. அது முகமூன்றோ, எருதுமுகம் போன்ற ஒரே முகமோ என்பதிலேயே அறிஞர் வேறுபட்டனர். 1975-ஆம் ஆண்டில் டோரிஸ் ஸ்ரீநிவாசன் அதனை எருதுமுகமுடைய உருவமெனக் கருதினர். ஆகவே ஏது பக்கத்தில் உளதென்பதே துணியப்படவில்லை, அஃது அசித்தமாயிற்று. மார்ஷலும் இடையிற் காணப்படுவதொன்றைக் குறியோ அரைக்கச்சின் முனையோ என ஐயுற்றே எழுதினர் என்பதையும் நினைவு கூர்தல் தகும்.

யோக இருக்கை இரண்டாமேது. அது சிவபிரானுக்கேயுரிய அடையாளமன்று. பிற்காலத்துச் சமண தீர்த்தங்கரர் உருவங்களிலும் புத்தர் உருவங்களிலும் காணப்படுகின்றது. ஒவ்வாத பக்கத்திலும் செல்லும் ஏது தனித்து ஒன்றைத் துணிவிக்கமாட்டாது.

கொம்பணியும் அத்தகையதே. மெசபொத்தாமிய நாட்டுத் தெய்வ உருவங்களுக்குக் கொம்புமுடி சூட்டுதல் பெருவழக்கு. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1978-ஆம் ஆண்டில் அக்கொம்பை எருமைக் கொம்பென்று கொண்டு மகிடனோடு தொடர்புபடுத்தினர். அஸ்கோ பர்ப்போலா, பழைய ஏலம் நாட்டு முத்திரைகளில் அமர்ந்த நிலையிலுள்ள எருதுருவங்களோடு அதனை ஒப்பிட்டனர். ஒரே ஏதுவிலிருந்து இங்ஙனம் பல துணிபுகள் எழுதல் அவ்வேதுவின் வலியின்மையையே காட்டும்.

விலங்குகள் சூழ்தல் ஒருவாறு இயைபுடைய ஏது என்பதை ஒப்புதல் வேண்டும். அதர்வ வேதத்து உருத்திரப் பதிகமொன்று ஆன், குதிரை, மக்கள், வெள்ளாடு, செம்மறி என்னும் ஐவகைப் பசுக்களை இறைவனுக்கு உரியனவாகக் கூறிப் பின்னர்க் காட்டு விலங்குகளையும் அவனுக்கே உரிமை செய்கின்றது. ஆயினும் நம் சித்தாந்தத்திற் பசு என்பது விலங்கன்று. பாசத்தாற் கட்டுண்ட உயிர். விலங்கு நடுவே ஓருருவம் இருந்தமை கொண்டு பதி பசு பாசம் என்னும் முப்பொருட் கொள்கை சிந்துவெளியில் உளதாயிற்று என்பார், சொல்லொப்புமையைப் பொருளொப்புமையாக மயங்கினவராவர்.

அங்குக் கிடைத்த கற்களைச் சிவலிங்கமென்றும் ஆவுடையென்றும் கொண்டதும் இவ்வாறே. வளையக்கற்களுட் பல தூண்களின் உறுப்புக்கள் எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர்.

ஆகலின் முடிந்த முடிபு யாது? அவ்வுருவம் சிவபெருமான் அல்லர் என்பதும் நிலைநாட்டப்படவில்லை. சிவபெருமானே என்பதும் நிலைநாட்டப்படவில்லை. குற்றியோ மகனோ என்னும் நிலையே இங்குளது. அளவை நூலார் இதனை ஐயம் என்பர். ஐயத்தைத் துணிவாகக் கூறுதல் திரிபாம். இப்பியை வெள்ளியென எடுத்தவன், சந்தையில் அதனை விற்கப் புகும்பொழுதன்றோ நாணுவான்?

3. பேரரசுகளும் வாசிக்கப்பட்ட சாசனமும்

கி. மு. 1900-ஐ ஒட்டிச் சிந்துவெளி நகரங்கள் தளர்ந்தன. பருவமழை குன்றியமையும் ஆறுகள் நெறிமாறி வற்றியமையும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மார்ட்டிமர் வீலர் 1940-களில், புறத்திருந்து வந்தோர் செய்த கொலையால் நகரழிந்தது என்றனர். பின்னர், மொகஞ்சதரோவின் எலும்புக்கூடுகள் ஒரே காலத்தன அல்ல என்பது தெரிந்தமையின் அக்கருதல் கைவிடப்பட்டது. பெரியோர் கூறினும் ஏது பழுதுபட்டால் துணிபு நில்லாது என்பதற்கு இதுவுமோர் எடுத்துக்காட்டு.

அதன்பின் கங்கைவெளியில் இரும்பின் வழக்குப் பரவியது, காடுகள் கழனிகளாயின, கி. மு. ஆறாம் நூற்றாண்டளவில் மீண்டும் நகரங்கள் எழுந்தன. பௌத்தரது அங்குத்தர நிகாயம் பதினாறு பெருநாடுகளை எண்ணுகின்றது. அவற்றுள் மகதம் ஏனையவற்றை விழுங்கியது தற்செயலன்று. நெல் விளையும் வண்டல் நிலமும், தெற்கே மலைகளில் இரும்பும், காடுகளில் யானையும், கங்கையாற்று வாணிக வழியும் அதற்கு வாய்த்தன. முதற்றலைநகராகிய இராசகிருகம் மலைகளே மதிலாக அமைந்தது. பின்னைத் தலைநகராகிய பாடலிபுத்திரம் கங்கையும் சோணையும் கூடுமிடத்து அமைந்தது. பிம்பிசாரனும் அசாதசத்துருவும் வித்திட்ட வலிமையை நந்தர் பெருக்கினர். கி. மு. 321-ஐ ஒட்டிச் சந்திரகுப்த மௌரியன் அரியணை ஏறினான். ஏறத்தாழக் கி. மு. 303-இல் செலூக்கஸ் மேற்கு நாடுகளை அவனுக்கு விட்டுக்கொடுத்து 500 யானைகளைப் பெற்றான். அவன் தூதன் மெகஸ்தனிசு பாடலிபுத்திர மதிலுக்கு 570 கொத்தளங்களும் 64 வாயில்களும் உளவென எழுதினான். மரத்தாலான அம்மதிலின் பகுதிகள் அகழ்விற் கிடைத்தன.

இவன் பேரனாகிய அசோகனோடு வரலாறு வாய்திறந்து பேசுகின்றது. அவன் வெட்டுவித்த பிராமி எழுத்துக்களை 1837-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் வாசித்தனர். அவற்றுட் பெரும்பாலானவற்றில் 'தேவானாம்பிரிய பியதசி' என்றே மன்னன் பெயர் உளது. அவன் அசோகனே என்பதை 1915-ஆம் ஆண்டு மாஸ்கியிற் கிடைத்த சாசனம் அப்பெயரையே கூறி உறுதிப்படுத்தியது. மற்றோர் எடுத்துக்காட்டும் நம் நாட்டினது. அசோகனது இரண்டாம் பாறைச் சாசனம் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என எல்லைக்கப்பாலுள்ளாரைக் கூறும். சத்தியபுத்திரர் யாவர் என்று நூறாண்டிற்கு மேல் வாதம் நிகழ்ந்தது. 1981-ஆம் ஆண்டிற் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் வெளிப்பட்ட தமிழ்ப் பிராமிச் சாசனம் 'சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என அதியமான் மரபையே அச்சொல்லாற் சுட்டியது. வாதம் பெரும்பாலும் ஓய்ந்தது. எழுத்து வாசிக்கப்பட்ட இடத்துக் கருதல் உரையால் வலியுறும். எழுத்து வாசிக்கப்படாத இடத்துக் கருதல் கருதலாகவே நின்றுவிடும். சிந்துவெளி முத்திரைக்கும் மௌரிய சாசனத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அசோகனது பன்னிரண்டாம் பாறைச் சாசனத்தின் கருத்தொன்று நமக்கு மிக வேண்டற்பாலது. தன் சமயத்தின்மேல் உள்ள பற்றினால் அதனை இடமறியாது புகழ்ந்து பிறர் சமயத்தை இகழ்வோன், தன் சமயத்திற்கே மிக்க கேடு சூழ்கின்றான் என்றும், நாவடக்கமே வேண்டுவது என்றும் அதன்கண் அவன் அறிவுறுத்துகின்றான். கலிங்கப் போரில் ஒரு நூறாயிரவர் மடிந்தனர் என்றும், ஒன்றரை நூறாயிரவர் நாடு கடத்தப்பட்டனர் என்றும் தன் வெற்றியின் கொடுமையைத் தானே கல்லில் எழுதுவித்தவன் கூற்று அது.

"அருணந்தி சிவாசாரியர் பரபக்கம் இயற்றிப் பிற சமயங்களை மறுத்திலரோ?" எனின், மறுத்தனர், ஆனால் எதிரி கூற்றை அவன் கூறுமாறே முன்வைத்து, ஏதுக் காட்டி மறுத்தனர். ஏதுவில்லாப் புகழும் ஏதுவில்லா இகழும் அந்நூலில் இல்லை. நாம் அவர் வழியினராதலின் நமக்கும் அந்நெறியே கடன்.

4. ஐயமற்ற சான்றுகள்

முத்திரையை விலக்கினால் சைவத்திற்குப் பழஞ்சான்று இல்லையாய்விடுமோ எனின், ஆகாது. யசுர் வேதத்துச் சதருத்திரியமும், சுவேதாச்சுவதர உபநிடதமும் யாவரும் அறிந்தன. பாணினி சூத்திரங்களுக்குப் பேருரை கண்ட பதஞ்சலி, ஏறத்தாழக் கி. மு. இரண்டாம் நூற்றாண்டில், இரும்புச் சூலந் தாங்கித் திரியும் 'சிவபாகவதன்' ஒருவனைக் குறிப்பிடுகின்றார். அவரே மற்றோரிடத்துச் சிவன், கந்தன், விசாகன் என்பார் திருவுருவங்களைக் குறித்து, மௌரியர் பொன் வேண்டித் திருவுருவங்களைச் செய்வித்தனர் என்றுங் கூறுகின்றார். ஈண்டுச் சிவன் என்னும் பெயரே உளது, ஊகம் வேண்டா.

ஆந்திர நாட்டுக் குடிமல்லத்துச் சிவலிங்கத்தைக் கோபிநாதராவ் உலகறியச் செய்தனர். அவ்விலிங்கத்தின் முன்புறத்தே முயலகன் போன்ற ஒருவன்மேல் நிற்கும் இறைவனுருவம் அமைந்துள்ளது. அது கிறிஸ்து ஆண்டிற்கு முற்பட்டதென்பர் பலர். இலிங்கமும் உருவமும் ஒரே கல்லில் உண்மையின் அது யாதென ஐயுறுவார் இலர்.

குஷாண மன்னன் வீமகட்பீசன் பொற்காசுகளிற் சூலமேந்திய உருவமும் விடையும் உள. அவற்றிற் காணும் 'மகீச்வர' என்னும் விருதைச் சிவனடிமை குறித்ததாகக் கொள்வாரும், நிலத்திற்கிறைவன் என்று பொருள் கூறுவாரும் உளர். இங்கும் சொல்லை நம் விருப்பத்திற்கு வளைத்தல் கூடாது. சூலமும் விடையுமே சான்றாகப் போதும்.

இவையனைத்தினும் மடாலயத்தார் உள்ளத்தைக் கவர்வது மதுராவிற் கிடைத்த தூண் சாசனமாம். குப்தர் ஆண்டு 61, அஃதாவது ஏறத்தாழக் கி. பி. 380, இரண்டாம் சந்திரகுப்தன் காலத்தது அது. குசிகரிலிருந்து பத்தாம் தலைமுறையினரும் பராசரரிலிருந்து நான்காம் தலைமுறையினருமாகிய உதிதாசாரியர் என்பார், தம் குருமார் பெயரால் உபமிதேசுவரம், கபிலேசுவரம் என இரண்டு திருவுருவங்களைக் குருமாரது ஆயதனத்தில் எழுந்தருளச் செய்தனர் என்பது அதன் செய்தி. குசிகர் இலகுலீசரின் மாணாக்கர் நால்வருள் ஒருவர். ஒரு தலைமுறைக்கு இருபத்தைந்தாண்டு எனக் கணக்கிட்டு இலகுலீசர் கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியினர் என்று தேவதத்த பண்டார்க்கர் கருதினர். இது நற்கருதல். ஏது சாசனத்தில் எழுதப்பட்டுள்ளது; எண் தெளிவாக உளது; மிகையாக ஒன்றும் ஏற்றப்படவில்லை. குரு பரம்பரையை எண்ணிப் போற்றுதலும், குருவின் பெயராற் சிவலிங்கம் எழுந்தருளுவித்தலும் ஆகிய வழக்கங்கள் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகட்கு முன்னரே வேரூன்றியிருந்தமை இதனாற் பெறப்படும். இலகுலீச பாசுபதம் நம் சித்தாந்தத்தின் வேறாய கொள்கையுடையது. அகச்சமயம் புறச்சமயம் என்னும் பகுப்பை இங்கு மறந்து இரண்டையும் ஒன்றாக்குதலும் பிழையே. சிவவழிபாட்டின் வரலாறு வேறு. சித்தாந்த சாத்திரத்தின் வரலாறு வேறு.

5. முடிபு

இனி, தொன்மையே உண்மைக்குச் சான்றாமோ என்பதையும் சிறிது நோக்குதல் வேண்டும். உமாபதி சிவாசாரியர் சிவப்பிரகாசத்து அவையடக்கத்தில், பழமையுடையன என்பதுகொண்டே எல்லாம் நல்லனவாகா. புதியன என்பதுகொண்டே எல்லாம் தீயனவாகா என்னும் கருத்தை அமைத்தனர். பதினான்காம் நூற்றாண்டில் தமிழிற் சித்தாந்தம் உரைத்த ஆசிரியர், அதன் உண்மையை நிலைநாட்ட ஆண்டுக்கணக்கைத் துணை வேண்டினாரல்லர். சிவஞானபோதத்து முதற் சூத்திரம் தோன்றி நின்று அழியும் உலகைக் கொண்டே அதற்கு ஒரு முதல்வன் உண்மையைத் துணிவிக்கின்றது. சிந்துவெளி நகரங்களும் மகதப் பேரரசும் அவ்வுலகினுள் அடங்குவன. தோன்றி நின்று ஒடுங்கிய அவற்றுள் ஒன்றன் ஒரு சிறு கல்லில், தோற்றமும் ஒடுக்கமும் இல்லாத முதல்வனது பெருமையைக் கட்டிவைத்தல் நம் சாத்திரத்திற்கே ஒவ்வாது.

எழுத்து என்றேனும் வாசிக்கப்பட்டு அதன்கண் சிவநாமம் உண்டெனத் தெரியின் மகிழ்வாம். இன்றெனத் தெரியினும் இழப்பது ஒன்றுமில்லை. ஆயின் அதற்குள் "உண்டு" என்று கூறிவிட்டு, நாளை "இல்லை" என்றறிந்தால், நம் மாணாக்கர் முத்திரையை மட்டுமோ ஐயுறுவர்? நாம் கற்பித்த ஏனையவற்றையும் ஐயுறுவர். அஃதே நாம் அஞ்சத்தக்கது.

ஆதலின் மடாலயப் பாடசாலைகளிலும் சமய வகுப்புக்களிலும் இவ்வரலாறு கற்பிக்கப்படும்பொழுது, "அம்முத்திரை சிவபெருமானாகலாம் என மார்ஷல் கருதினர், பிறர் பலவாறு கருதினர், எழுத்து வாசிக்கப்படவில்லை" என்று அளவாகக் கூறுதல் தகும். பதஞ்சலியையும், குடிமல்லத்தையும், மதுராத் தூணையும் துணிந்து கூறுக. அம்மதுராத் தூணை நாட்டிய உதிதாசாரியர், இது புகழ் கருதி எழுதியதன்று, மாகேசுரர்க்கு விண்ணப்பமாக எழுதியதே எனத் தம் சாசனத்திற் குறித்துள்ளார். வினவிய மாணவர்க்கு மறுவாரமே, "அது கருதல், அதுவும் துணிவுபெறாத கருதல், இதுகாறும் யான் துணிவாகக் கூறியது பிழை" என்று விடை கூறினேம். அவர் அதனை ஏட்டிற் குறித்துக்கொண்டு, அளவையின் அடுத்த செய்யுளுக்குப் பொருள் கேட்டனர்.

மெய்கண்டார் திருவடி வாழ்க.